நண்டுண்ணிக் குரங்கும் குரங்குண்ணிக் கழுகும்

பிலிப்பைன் நாட்டின் கீழ்த்திசையில் சமார் என்றொரு தீவு உண்டு. 1896ஆம் ஆண்டில் ஜோன் வைற்ஹெட் என்னும் ஆங்கிலேயர் புதிய பறவைகளைத் தேடி அத்தீவின் காடுகளுட் புகுந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பறவைகளுள் ஒன்று, அதுவரை ஐரோப்பிய விஞ்ஞானிகள் எவரும் அறிந்திராத ஒரு பெருங் கழுகு. அதன் தோலும் சிறகும் பாடம் செய்யப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஒகில்வி கிறான்ற் என்னும் பறவை நூலறிஞர் அதற்குப் ‘பிதெகோபாகா ஜெபரியி’ எனப் பெயர் சூட்டினார். பின்மொழி வைற்ஹெட்டின் தந்தையாரின் பெயர். மகனின் பயணத்துக்குப் பொருளுதவி புரிந்தவர் அவரே. முன்மொழி கிரேக்கம். குரங்கைத் தின்பது என்பது அதன் பொருள். சமார்த் தீவின் பொங்கா என்னும் ஊரார், இப்பறவை குரங்குகளையன்றி வேறெதையும் தின்னாது என்று கூறியிருந்தனர். அக்கூற்றே பெயராயிற்று. குரங்குண்ணிக் கழுகு என்று உலகம் அதனை எண்பது ஆண்டுகளுக்கு மேல் அழைத்து வந்தது.

அதே காடுகளில் வாழும் குரங்கு ஒன்றும் உண்டு. நீண்ட வாலையுடைய இக்குரங்கு பர்மாவின் கரையோரந் தொடக்கம் மலாயா, சுமாத்திரா, யாவா, போர்ணியோ ஊடாகப் பிலிப்பைன் தீவுகள் வரை பரந்து காணப்படுவது. இலங்கையிற் சிங்களர் ‘ரிலவா’ என்றழைக்கும் செங்குரங்குக்கு இது நெருங்கிய உறவு; இரண்டும் மக்காக்கா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1821ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர், சிங்கப்பூரை நிறுவியவராகப் பலரும் அறிந்த ஸ்ராம்போட் ராபிள்ஸ். ‘சிறு கட்டு’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றை அவர் எடுத்தாண்டார். எதனைக் கருதி அவ்வாறு பெயரிட்டார் என்பதை அவர் எழுதி வைக்கவில்லை. ஆங்கிலத்தில் வழங்கிய பெயரோ தெளிவானது: நண்டு தின்னும் குரங்கு.

நண்டுண்ணி ஒன்று, அந்த நண்டுண்ணியை உண்ணி மற்றொன்று என்று கேட்கும்போது இயற்கையின் ஒழுங்கு முழுவதும் இரண்டு பெயர்களுள் அடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இரண்டு பெயர்களும் பிழையானவை.

முதலிற் குரங்கை எடுத்துக்கொள்வோம். கண்டற் காடுகளிலும் கடலோரங்களிலும் வாழும் கூட்டங்கள் நீர் வற்றிய வேளையில் இறங்கி நண்டு பிடிப்பது உண்மையே. கரையோரமாகக் கப்பலிற் சென்ற வெள்ளையர் முதலிற் கண்ட காட்சியும் அதுவாகவே இருந்திருக்கும். உள்நாட்டுக் காட்டில் வாழும் குரங்கு நண்டைக் காண்பதே அரிது. அதன் உணவில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை பழங்களும் விதைகளுமே. எஞ்சியவை கொழுந்து, பூ, பூச்சி, பறவை முட்டை. தாடையின் இருபுறத்திலும் உள்ள கன்னப்பைகளிற் பழங்களை நிரப்பிக்கொண்டு பாதுகாப்பான கிளைக்கு ஓடிச் சென்று அங்கிருந்து ஆறுதலாகத் தின்று கொட்டைகளை உமிழும். அந்தக் கொட்டைகள் தாய்மரத்துக்கு அப்பால் முளைக்கின்றன. காட்டை நடுபவர்களுள் குரங்கும் ஒன்று.

கழுகின் பெயரிலுள்ள பிழை இன்னும் பெரியது. இப்பறவையின் கூடுகளை அண்மையிலிருந்து அவதானித்து, தாய்தந்தையர் குஞ்சுக்குக் கொண்டுவரும் இரையைக் குறித்துவைக்கும் வேலை 1970களில்தான் ஒழுங்காக நடைபெற்றது. மிண்டனாவோத் தீவிற் கண்டது இது: இரையிற் பெரும்பங்கு குரங்கன்று, கொலூகோ என்னும் சிறு விலங்கு. பறக்கும் லெமூர் என்றும் இதனைச் சொல்வர். உண்மையில் இது லெமூருமன்று, பறப்பதுமன்று. கழுத்திலிருந்து வால் நுனி வரை விரியும் தோற்போர்வையைக் காற்றிற் பரப்பி மரத்துக்கு மரம் வழுக்கிச் செல்வது. இரவிலே திரியும் இப்பிராணி பகலெல்லாம் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு அசையாதிருக்கும். ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ எடையுள்ள, ஓடித் தப்பத் தெரியாத அந்த இரை இருக்கையில், கூச்சலிட்டுக் கடிக்கவும் வல்ல குரங்குக் கூட்டத்தோடு கழுகு ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? மரநாயும் அடிக்கடி அகப்படும். கொலூகோ இல்லாத லூசோன் தீவிலே பெரிய மரவெலிகள், மரநாய்கள், பாம்புகள், உடும்புகள் என்பவற்றோடு குரங்கும் இரையாகின்றது. ஆகவே, குரங்கைத் தின்னாத கழுகு என்று கூறிவிடுதல் மறுபக்கத்துப் பிழையாகும். தின்னும், ஆயின் அதனாலேயே வாழ்வதில்லை.

ஏன் எளிதன்று என்பதை எடையே காட்டிவிடும். கழுகின் எடை நாலரை முதல் எட்டுக் கிலோ வரை. பெண் பறவையே பெரியது. முதிர்ந்த ஆண் குரங்கின் எடை ஐந்து முதல் எட்டுக் கிலோ வரை. வேட்டுவனும் வேட்டைப் பொருளும் தராசின் இரு தட்டுகளில் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. தன் எடைக்குச் சமமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் பறப்பது எந்தப் பறவைக்கும் எளிதான காரியமன்று. அதனால் குட்டிகளும் இளங் குரங்குகளுமே பெரும்பாலும் இலக்காகின்றன. சோடியாக வேட்டைக்குப் புறப்படும் கழுகுகளுள் ஒன்று குரங்குக் கூட்டத்தின் முன்னே வெளிப்படையாகத் தோன்றி எல்லாக் கண்களையும் தன்பால் இழுக்க, மற்றொன்று பின்புறமாக ஓசையின்றி வந்து பாயும் என்று சொல்லப்படுகின்றது. இரண்டு பறவைகள் சேர்ந்து சூழ்ச்சி செய்ய வேண்டியிருப்பதே எதிரியின் வலிமைக்குச் சான்றாகும்.

உடலமைப்பிலே இவ்விரண்டுக்கும் ஒற்றுமை இருக்குமென்று எவரும் எதிர்பார்க்கமாட்டார். பார்த்தால் ஒன்று உண்டு. பிலிப்பைன் கழுகு அலகின் நுனி முதல் வாலின் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமானது. கழுகினங்களுள் இவ்வளவு நீளமானவை மிகச் சிலவே. ஆனால் விரித்த சிறகுகளின் அகலம் இரண்டு மீற்றரளவே. வெட்டவெளியில் வட்டமிடும் கழுகுகளை நோக்க இது குறைவு. சிறகு குறுகி அகன்றதாகவும் வால் நீண்டதாகவும் அமைந்தது, நெருங்கிய மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து பறப்பதற்காக. வால் அதற்குச் சுக்கான். குரங்கின் வாலோ பெரும்பாலும் உடலிலும் நீண்டது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவும்போது நிலை தவறாதிருக்க உதவும் கம்பு, கழைக்கூத்தாடியின் கையிலுள்ள தடியைப் போல. இதனாற் கிளையைச் சுற்றிப் பிடிக்க முடியாது. அந்தத் திறமை அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள் சிலவற்றுக்கே உண்டு. ஒரே காட்டின் நெருக்கம் பறவைக்கும் விலங்குக்கும் நெடுவாலைக் கொடுத்திருக்கின்றது.

கண்ணிலும் அவ்வாறே. இரண்டின் கண்களும் முகத்தின் முன்புறமாகவே நோக்குகின்றன. தொலைவை அளந்து பாய்வதற்கு இது வேண்டும், ஒன்றுக்கு இரைமேற் பாய, மற்றொன்றுக்குக் கிளைமேற் பாய. குரங்கின் பார்வை கூர்மையில் மனிதர் பார்வையை ஒத்தது; செங்காயையும் பசுங்காயையும் வேறு பிரித்தறிய வல்லது. கழுகினங்களின் பார்வைக் கூர்மை மனிதருக்கு இருப்பதிலும் இருமடங்கு அல்லது அதற்கு மேல். பிலிப்பைன் கழுகின் கண் நீலஞ் சார்ந்த சாம்பல் நிறம். பிடரியிற் சிலிர்த்தெழும் நீண்ட இறகுகளும் ஆழ்ந்து வளைந்த பெரிய அலகும் அக்கண்ணோடு சேரும்போது, ஒருமுறை படத்திற் கண்டவரும் அந்த முகத்தை மறவார்.

கையும் காலுமே இவை பிரியும் இடம். கழுகின் காலானது ஒரே வேலைக்கு அமைந்த கருவி. விரல்களை மடக்கும் நரம்புகளிற் சிறு பற்கள் போன்ற அமைப்பு இருப்பதால், இறுக்கிய பிடி தானே பூட்டிக்கொள்ளும். வலிமையை ஓயாது செலவிட வேண்டியதில்லை. பிடித்தால் விடாத கால், பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத கால். குரங்கின் கை அப்படியன்று. உரிக்கும், துடைக்கும், பேன் பார்க்கும், குட்டியை அணைக்கும். தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் வாழும் இதே இனத்துக் குரங்குகள் கல்லெடுத்துச் சிப்பிகளை உடைத்துத் தின்பதை ஆராய்ச்சியாளர் கண்டு எழுதியிருக்கின்றனர். புதிய உணவு, புதிய இடம், புதிய ஆபத்து எது வந்தாலும் அந்தக் கை ஏதோ ஒன்றைச் செய்து பார்க்கும். பின்னாளில் இவ்விரண்டின் கதியும் வேறுபட்டதற்கு இந்த வேற்றுமை ஒரு பெருங் காரணம்.

குரங்கு கூட்டமாக வாழ்வதற்கும் கொன்றுண்ணும் பிராணிகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சான்று ஒன்று சுமாத்திராவின் மேற்கே கிடைக்கின்றது. சிமெலூ என்னும் தீவிற் புலியினத்தைச் சேர்ந்த விலங்கு எதுவும் இல்லை. அங்கே வாழும் நெடுவாற் குரங்குகள், புலி உலாவும் சுமாத்திராவின் குரங்குகளிலும் சிறிய கூட்டங்களாகவே வாழ்கின்றன என்பதை வான் ஷைக் என்னும் டச்சு ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவியாரும் 1985ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அச்சம் குறைந்த இடத்திற் கூட்டமும் குறைகின்றது. பல கண்கள் சேர்ந்து காவல் காப்பதே கூட்டத்தின் பயன். அதற்கு விலையாக ஒரு பழமரத்தைப் பலர் பங்கிட வேண்டியிருக்கின்றது. பிலிப்பைன் தீவுகளிலோ புலியும் சிறுத்தையும் ஒருபோதும் தலைமை ஏற்கவில்லை. அந்தக் காட்டின் அரசிருக்கை கழுகுக்கே வாய்த்தது.

அரசென்றவுடன் வலிமை நினைவுக்கு வரும். கணக்கோ வேறு கூறுகின்றது. பெண் குரங்கு நாலு வயதளவிற் பருவமடைந்து, ஏறக்குறைய ஐந்தரை மாதம் சுமந்து, ஓர் ஈற்றில் ஒரு குட்டி ஈனும். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை. கழுகுச் சோடி இரண்டாண்டுக்கு ஒரு முட்டை இடும். ஒன்றே ஒன்று. தாயும் தந்தையும் மாறிமாறி இரண்டு மாதம் அடைகாக்கும். குஞ்சு கூட்டைவிட்டு எழுவதற்கு நாலைந்து மாதம் செல்லும். எழுந்த பின்னரும் ஒன்றரை வயதளவு வரை தாய்தந்தையர் கொடுக்கும் இரையை நம்பியே அது வளரும். அதுவரை அடுத்த முட்டை இல்லை. தனித்தனியே நோக்கினாற் குரங்குத் தாய்க்கும் கழுகுத் தாய்க்கும் பெரிய வேற்றுமை இல்லையென்றே தோன்றும். வேற்றுமை நிலத்தில் இருக்கின்றது. இருபது முப்பது குரங்குகள் கொண்ட ஒரு கூட்டம் ஒன்றிரண்டு சதுர கிலோமீற்றருக்குள் வயிறு வளர்த்துவிடும். அதிலே ஈனும் பெண்கள் பலர். ஒரு கழுகுச் சோடிக்கோ 40 முதல் 110 சதுர கிலோமீற்றர் வரை காடு வேண்டும். அவ்வளவு காட்டுக்கும் இரண்டாண்டில் ஒரு குஞ்சு. அந்தக் குஞ்சைச் சுமக்கும் கூடு ஏறக்குறைய 30 மீற்றர் உயரத்தில், பழம்பெரும் மரமொன்றின் கவட்டில் இருக்க வேண்டும். அம்மரத்தைத்தான் மரவியாபாரியும் முதலில் நாடுகின்றான்.

1900ஆம் ஆண்டளவிற் பிலிப்பைன் நாட்டின் நிலப்பரப்பிற் பத்தில் ஏழு பங்கு காடாயிருந்தது. அந்த நூற்றாண்டு முடியுமுன் அது காற்பங்கினும் குறைந்தது. மரவியாபாரம் வெட்டிச் சென்ற இடத்திற் சேனைப் பயிர்ச்செய்கை புகுந்தது. காடு சுருங்கியபோது இரண்டு பிராணிகளும் இரண்டு வழியிற் சென்றன. குரங்கு காட்டின் ஓரத்துக்கு வந்து சோளத்தையும் வாழையையும் கண்டது. கையால் முறித்தது, கன்னப்பையில் அடக்கியது. கழுகுக்கு ஓரத்தில் வேலையில்லை. வெட்டப்படாத காட்டின் உள்ளே மேலும் ஒதுங்கிற்று. ஒதுங்க இடமில்லாத தீவுகளில் அது அருகியது. இன்று லூசோன், சமார், லெயித்தே, மிண்டனாவோ என்னும் நாலு தீவுகளிலே மட்டும் காணப்படுகின்றது. எத்தனை எஞ்சியுள்ளன? 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு 392 சோடிகள் என மதிப்பிட்டது. ஒரு நடுத்தரப் பாடசாலையின் மாணவர் தொகையளவே இவ்வினத்தின் முதிர்ந்த பறவைகள் முழுவதும்.

பெயரும் தன் பங்குக்குத் தீமை செய்தது. குரங்கையே தூக்கும் கொடும் பறவை என்னும் புகழ், அதனைச் சுட்டு வீழ்த்திப் பாடம் செய்து கூடத்தில் நிறுத்துவதைப் பெருமையாக்கிற்று. அயல்நாட்டு மிருகக்காட்சிச்சாலைகளும் அப்பெயருக்காகவே அதனை விரும்பின. பிலிப்பைன் பறவை நூலறிஞரான டியோஸ்கோரோ றபோர் 1960களில் இவ்வினம் அழிவின் விளிம்பை நெருங்குவதைச் சுட்டிக்காட்டினார். அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த சாள்ஸ் லிண்ட்பேக் தம் முதுமையில் அந்தத் தீவுகளுக்குச் சென்று இப்பறவைக்காக வாதாடினார். 1978ஆம் ஆண்டிற் சட்டப் பிரகடனம் ஒன்றின் மூலம் குரங்குண்ணி என்னும் பெயர் நீக்கப்பட்டுப் பிலிப்பைன் கழுகு என்னும் பெயர் வந்தது. 1995ஆம் ஆண்டில் அது தேசியப் பறவையாயிற்று. 2022ஆம் ஆண்டில் ஆயிரம் பேசோ நாணயத்தாளில் அதன் தலை இடம்பெற்றது. பெயர் மாறிய பின்னரும் கிரேக்கப் பெயர் விஞ்ஞான நூல்களில் நிலைத்திருக்கின்றது. முதலில் வைத்த பெயரை மாற்றலாகாது என்பது அத்துறையின் விதி. 2005ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு இன்னொரு வியப்பையும் தந்தது. தென்னமெரிக்காவில் குரங்கு பிடிக்கும் ஹாப்பி என்னும் பெருங் கழுகே இதன் உறவு என்று எண்ணியிருந்தனர். இலங்கையின் வயலோரங்களிலும் காணப்படும் பாம்புண்ணிக் கழுகின் குடும்பமே இதன் உண்மையான உறவென்று அறியப்பட்டது.

குரங்கின் பாடு மட்டும் நல்லதாயிற்றா என்றால், அதுவுமில்லை. எங்கும் மலிந்திருப்பது போலத் தோன்றும் பிராணியை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்து 1950களில் உருவானபோது அதனை வளர்ப்பதற்குக் குரங்குகளின் சிறுநீரகங்கள் பயன்பட்டன. அவ்வாறு பலியானவற்றுள் பிலிப்பைன் தீவுகளில் பிடிக்கப்பட்ட நெடுவாற் குரங்குகளும் இருந்தன. உலகெங்கும் கால் வழங்காமற் போகவிருந்த எத்தனையோ பிள்ளைகள் இன்று நடப்பதில் இக்குரங்குக்கும் பங்குண்டு. அதனை நினைப்பவர் சிலர். ஆய்வுகூடங்களின் தேவை அதன் பின்னரும் ஓயவில்லை. பயிரைக் காக்க வைக்கும் பொறியும் துப்பாக்கியும் வேறு. 2022ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இந்த இனத்தையும் அருகிவரும் இனங்களின் வரிசையிற் சேர்த்தது. ஊர்க்குருவியைப் போலப் பொதுவானது என்று கருதப்பட்ட குரங்கு அது.

கழுகைக் காக்கும் முயற்சியின் நடுவிடம் மிண்டனாவோவின் டாவாவோ நகருக்கு அண்மையில் இருக்கின்றது. பிலிப்பைன் கழுகு மன்றம் 1987ஆம் ஆண்டு முதல் அங்கே பணியாற்றி வருகின்றது. 1992ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், செயற்கைக் கருவூட்டலின் மூலம் முதற் குஞ்சு அங்கே பொரித்தது. ‘பாக் அசா’ எனப் பெயரிட்டனர். நம்பிக்கை என்பது பொருள். மனிதர் கையில் வளர்ந்ததால் அது தன் இனத்தை நாடாது, தன்னை வளர்த்த மனிதரையே துணையெனக் கருதிற்று. 2013ஆம் ஆண்டில் அதற்கும் ஒரு குஞ்சு கிடைத்தது, அதுவும் செயற்கைக் கருவூட்டலாலேயே. 2021ஆம் ஆண்டு ஜனவரியில், இருபத்தொன்பது வயது நிறைவதற்குச் சில நாள் இருக்கையில் அது இறந்தது.

காட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பறவைகளுள் ஒன்று ‘பமானா’. முதுசொம் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 2012ஆம் ஆண்டிற் குண்டடிபட்ட குஞ்சாக மீட்கப்பட்டு, மூன்றாண்டு பேணப்பட்டு, 2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், நாட்டின் சுதந்திர தினத்தன்று, ஹமிகுயித்தான் மலைக்காட்டில் விடுவிக்கப்பட்டது. அதன் முதுகிற் கட்டியிருந்த வானொலிக் கருவி, பறவை நெடுநேரம் அசையாதிருப்பதை ஆகஸ்ட் மாதத்தில் அறிவித்தது. தேடிச் சென்றவர்கள் ஓர் ஓடைக்கரையில் அதன் உடலைக் கண்டனர். மார்பிலே காயம் இருந்தது. இவ்வகைக் கொலைக்கு 2001ஆம் ஆண்டின் சட்டம் ஆறு முதற் பன்னிரண்டு ஆண்டு வரை சிறையும் பத்து இலட்சம் பேசோ வரை தண்டமும் விதிக்கின்றது.

சட்டம் காட்டின் உள்ளே நடந்து செல்வதில்லை. அதனால் மன்றம் இப்போது மலைவாழ் குடியினரையே காவலராக அமர்த்துகின்றது. சேனையிற் குரங்கை விரட்டக் கல் எடுக்கும் அதே மக்கள், காட்டுக்குட் சென்று கண்ணிகளை அறுத்தெறிந்து, கழுகின் கூடு இருக்கும் மரத்தைத் தேடிக் குறித்து வருகின்றனர். காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியிற் கழுகின் கால் அகப்பட்ட செய்திகள் அங்கே புதியவையல்ல. பிடித்ததை விடாத அந்தக் காலுக்கு, தன்னைப் பிடித்ததை அவிழ்க்கத் தெரியாது.